சுவரில் ஒட்டியிருக்கும் மஞ்சள் யார்?

மேட்டுப்பாளையத்தில் கொஞ்சம் வயதான வீடு என்றால் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரை உற்றுப் பாருங்கள். மஞ்சளும் சாம்பலுமாகக் காசு அளவில் திட்டுகள் இருக்கலாம். பெயின்ட் சிந்தியதா, காக்கை எச்சமா? நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சாம்பல் திட்டில் சற்று நேரத்தில் பச்சை ஏறினால் அது உயிருள்ள லைக்கன். பூஞ்சை வீடு கட்ட, உள்ளே குடியிருக்கும் பாசி வெயிலில் சமைக்க, இரண்டும் நடத்தும் கூட்டுக் குடித்தனம். பிரியாணிக்குப் போடும் கல்பாசியும் இந்த வகையறாதான்.

நீலகிரி அடிவாரப் பாறைகள் பெரும்பாலும் கடினமான சார்னோகைட் வகை. சுண்ணாம்புக்கல்லைப் பார்க்கக் கோவைக்குத் தெற்கே மதுக்கரைப் பக்கம் போக வேண்டும். அப்படியிருக்க, சுண்ணாம்பை விரும்பும் லைக்கனுக்கு இந்த ஊரில் இடம் கொடுப்பது சிமென்ட்தான். புதுக் காங்கிரீட்டில் காரம் அதிகம், பி.எச். 12-க்கு மேல். பல வருடம் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி, மேற்பரப்பில் அது 9 பக்கம் இறங்கிய பிறகே குடியேற்றம். புது வீட்டில் இது தென்படாததற்குக் காரணம் சுத்தம் அல்ல!

மஞ்சள் திட்டுக்குப் பெயர் வைப்பதுதான் சிக்கல். காங்கிரீட்டில் வளரும் கேலோப்ளாக்கா, கேண்டலேரியெல்லா இரண்டுமே மஞ்சள். போட்டோவை வைத்து மொபைல் ஆப் சொல்லும் பெயரை அப்படியே நம்ப முடியாது. ஆய்வுக்கூடத்தில் ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விடுவார்கள். கேலோப்ளாக்கா என்றால், அதிலுள்ள பாரைட்டின் என்ற நிறமி சட்டென்று ரத்தச் சிவப்பாகும். கேண்டலேரியெல்லா பெரும்பாலும் அசையாது. (தோலை அரிக்கும் காரம் அது, வீட்டில் முயல வேண்டாம்.)

அதற்கு மேல் மைக்ராஸ்கோப்தான். கேண்டலேரியெல்லாவிலேயே ஒரு பைக்குள் 8 வித்துகள் இருந்தால் சுண்ணாம்பை விரும்பும் 'ஆரெல்லா'வாக இருக்க வாய்ப்பு அதிகம். 12-க்கு மேல் இருந்தால் 'விட்டெலினா' பக்கம் போக வேண்டும். இந்தியாவில் இதற்கென்றே மாதிரிகளைச் சேர்த்து வைத்திருக்கிறது லக்னோவின் தேசிய தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம்.

சுவர் அசிங்கமாகிவிட்டதே என்று ஆசிட் ஊற்றுகிறவர்கள் உண்டு. ஆசிட் முதலில் தின்பது சிமென்டைத்தான். பல லைக்கன்கள் வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது; வீட்டுச் சுவருக்கு அவற்றால் பெரிய ஆபத்தில்லை. அதற்காகச் சுரண்டி எடுத்துக் குழம்பில் போட்டுவிடாதீர்கள். காற்றிலும் பெயின்ட்டிலும் உள்ள ஈயம் போன்ற உலோகங்களை லைக்கன் சேர்த்து வைத்துக்கொள்ளும். கல்பாசியை மளிகைக் கடையிலேயே வாங்குங்கள்.