ஆப்பிள் ஆகிவிட்ட டீச்சர்!

திங்கட்கிழமை காலையானால் போதும், என் பெண்ணுக்கு வயிற்றுவலி வந்துவிடும். ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன். டாக்டரோ, "வயிற்றிலே ஒண்ணுமில்லேம்மா" என்றுவிட்டார். பின்னே கோளாறு எங்கே? அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது ஒரு கதைப் புத்தகம்!

அமெரிக்க எழுத்தாளர் லூயிஸ் சாக்கர் எழுதி 1978-ல் வெளிவந்த பள்ளிக்கூடக் கதைகள் அவை. கல்லூரியில் படித்த நாளில் ஓர் ஆரம்பப் பள்ளியில் டீச்சருக்கு உதவியாக இருந்தவர் அவர். அந்த அனுபவம்தான் கதைகளுக்கு விதை.

ஒரே தளத்தில் வரிசையாக 30 வகுப்புகள் கட்டவேண்டிய பள்ளியை, ஒன்றின்மேல் ஒன்றாக 30 மாடியாகக் கட்டிவிட்டு, மன்னிப்புக் கேட்கிறார் கட்டினவர். அதிலும் 19-ஆம் மாடியே கிடையாது! உச்சி மாடி டீச்சர் பொல்லாதவர். காதை ஆட்டி, நாக்கை நீட்டினால் பிள்ளைகள் ஆப்பிளாகிவிடுவார்கள். கடைசியில் ஒரு சிறுமி கண்ணாடியைக் காட்ட, டீச்சரே ஆப்பிளாகிறார். ஜோ என்றொரு பையன். தாறுமாறாக எண்ணினால் அவனுக்கு விடை சரியாக வரும், முறையாக எண்ணினால் தப்பாகிவிடும்!

"நீதியே இல்லாத கதையா இருக்கே?" என்றார் என் மாமியார். என் பெண்ணோ விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு ஓய்ந்ததும் மெதுவாக, "அம்மா, எங்க கணக்கு மிஸ்ஸும் என்னை ஆப்பிளாக்கிடுவாங்களோன்னு பயம்மா இருக்கும்" என்றாள். வாய்ப்பாடு தப்பினால் பெஞ்சு மேல் ஏறி நிற்கணுமாம். திங்கட்கிழமை முதல் பீரியடே கணக்கு! எனக்குத் தொண்டையை அடைத்தது.

மறுநாளே டீச்சரைப் பார்த்து நயமாகப் பேசினேன். அவரும் புரிந்துகொண்டார். வயிற்றுவலி ஒரேயடியாகப் போய்விடவில்லை, ஆனால் குறைந்திருக்கிறது.

தோழிகளே, இம்மாதிரிக் கதைகளால் பிள்ளைகள் கெட்டுப்போவார்களோ என்று பயப்படாதீர்கள். நேர் எது என்று தெரிந்த குழந்தைதான் கோணலைப் பார்த்துச் சிரிக்கும். பள்ளியில் சட்டமெல்லாம் பெரியவர்கள் போடுவது. கதையில் அது தலைகீழாகும்போது, நேரே சொல்லத் தெரியாத பயம் சிரிப்போடு சேர்ந்து வெளியே வந்துவிடுகிறது.

கதை முடிந்ததும், "இதிலேருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?" என்று மட்டும் கேட்காதீர்கள். கூடச் சேர்ந்து சிரியுங்கள். அப்புறம் கொஞ்சம் சும்மா இருங்கள். குழந்தை சொல்ல வந்தது அப்போதுதான் வரும்.