கருவிப்பெட்டியும் அஞ்சறைப்பெட்டியும்

போன வாரம் லேபில் ஒரு ஜூனியர் பையன் போஸ்டருக்குப் பின்னணி போட்டுக்கொண்டிருந்தான். "அண்ணா, கிரேடியன்ட் டூலையே காணோம்" என்றான். (எந்த மென்பொருள் என்பது வேண்டாமே, எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.) அது எங்கும் போகவில்லை, பெயின்ட் பக்கெட் ஐகானுக்கு அடியில் ஒளிந்திருந்தது. ஐகானின் மூலையில் கடுகளவு முக்கோணம் ஒன்று இருக்கும். அழுத்திப் பிடித்தால் உள்ளே இருப்பவை வெளியே வரும். இதை யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு. எனக்கும் ஒருவர் சொல்லித்தான் தெரியும்.

ஃபோட்டோஷாப்பில் இந்தப் பழக்கம் ரொம்ப காலமாக உண்டு. கிம்ப் அப்படி இல்லை, டூல்களைக் கடை பரப்பியது போல் கண்ணெதிரே வைத்திருந்தது. 2020-ல் வந்த 2.10.18 பதிப்பிலிருந்து அதுவும் ஒன்றுக்கடியில் ஒன்றாக அடுக்க ஆரம்பித்துவிட்டது. காரணம் புரிகிறது. முப்பதுக்கு மேல் ஐகான்கள், சின்ன லேப்டாப் திரை... இடம் மிச்சம்தான்.

எனக்கு உறுத்துவது வேறு. கடைசியாக எந்த டூலை எடுத்தோமோ, அதுதான் மேலே முகம் காட்டும். அம்மா அஞ்சறைப்பெட்டியைப் பார்க்காமலே கடுகை எடுப்பார். கை தானாகப் போகும். நேற்று சீரகம் எடுத்தோம் என்பதற்காக இன்று கடுகுக் கிண்ணத்தில் சீரகம் இருந்தால் எப்படி இருக்கும்? அதுவும் ஒரே கணினியில் நாலு பேர் மாறி மாறி உட்காரும் லேபில்!

"ஷார்ட்கட் கீ பழகிக்கொள்" என்பார்கள். சரி, பழகியவனுக்கு டூல்பாக்ஸே தேவையில்லை. ஆனால் புதிதாக வருபவனுக்கு அதுதான் பாடப்புத்தகம். இந்த மென்பொருளில் என்னென்ன செய்யலாம் என்பதையே ஐகான்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறான். அதில் பாதிப் பக்கங்களை ஒட்டி வைத்துவிட்டு "அழகாக இருக்கிறது" என்றால் என்ன அர்த்தம்?

கிம்ப்பில் ப்ரிஃபரன்ஸஸுக்குள் போய் இந்த அடுக்கலை நிறுத்திவிடலாம், நான் முதலில் செய்யும் வேலையே அதுதான். ஃபோட்டோஷாப்பிலும் 2015-லிருந்து டூல்பாரை நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் டூலையே கண்டுபிடிக்க முடியாதவன் ப்ரிஃபரன்ஸஸைத் தேடிப் போவானா? முதலில் எல்லாம் விரித்து வைத்திருக்கட்டும், வேண்டாதவற்றைப் பழகியவன் மடித்து வைத்துக்கொள்ளட்டும். கிரிட்டாவில் ரைட் க்ளிக் செய்தால் பிடித்த ப்ரஷ்களும் வண்ணங்களும் கர்சரைச் சுற்றி வட்டமாக வந்து நிற்கும். இடத்தை மிச்சப்படுத்த அப்படியும் வழி இருக்கிறது.

பையனுக்கு கிரேடியன்ட்டை எடுத்துக் கொடுத்தேன். அவன் எழுந்து போனதும் அங்கே உட்கார்ந்த பெண் கேட்டாள்: "பெயின்ட் பக்கெட் எங்கே போச்சு?" :-)