ஒற்றை வேக விசிறியும் ஒற்றை அச்சுத் திட்டமும்

காளான் குடிலில் மொட்டுகள் கருகினாலும், காம்பு நீண்டு தொப்பி சிறுத்தாலும், பழி வளர்த்தவர் தலையில் விழுகிறது. பயிற்சி போதவில்லை, கவனம் போதவில்லை என்ற தீர்ப்பு ஆயத்தமாக இருக்கிறது. முழு வேகத்தில் சுழல்வது அல்லது முற்றாக நிற்பது என்னும் இரண்டே நிலைகளை அறிந்த சுவர் விசிறியை எவரும் விசாரிப்பதில்லை.

சிப்பிக் காளான் இழை பரவும் நாள்களில் கரியமில வாயுவை வெகுவாகப் பொறுக்கும். காற்றோட்டம் அப்போது அதிகம் தேவையில்லை. மொட்டு விட்டதும் நிலைமை தலைகீழாகிறது. அவ்வாயு பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 1,000 பங்கைத் தாண்டாதிருக்க வேண்டும். ஈரப்பதமோ 80 முதல் 90 விழுக்காட்டில் நிற்க வேண்டும். விசிறி நின்றால் வாயு தேங்கிக் காம்பு நீள்கிறது. முழு வேகத்தில் ஓடினால் ஈரம் பறிபோய் மொட்டு உலர்கிறது. இவ்விரண்டு கேடுகளுக்கும் இடையிலுள்ள குறுகிய வழியே வேகக் கட்டுப்பாடு. அதனை ஆடம்பரம் என்போர் பயிரின் உயிரியலை மறுக்கின்றனர்.

இடவேறுபாடு இன்னும் கடுமையான சான்று. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கங்களில் கணவாய்க் காற்று வறண்டு வீசுகிறது. மார்ச், ஏப்ரலில் வெப்பம் 40 பாகையை நெருங்குகிறது. அங்கு நண்பகலில் நனைத்த சாக்குத் திரை வழியே மிகுதியான காற்றை இழுத்தால்தான் குடில் குளிரும். இரவில் அதே வேகம் பயிரை உலர்த்தும். மூணாறு, வட்டவடை மலைகளில் குளிர்கால விடியலில் பனி மூடியிருப்பதால் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதாகத் தோன்றும். ஆயினும் 10 பாகையில் முழு ஈரம் கொண்ட காற்று உள்ளே வந்து 20 பாகைக்குச் சூடேறினால், அதன் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 52 விழுக்காடாகச் சரிகிறது. பனிக்காற்றே மொட்டை உலர்த்தும் விந்தை இதுதான். அங்கு விசிறி மெல்லச் சுழல வேண்டும்.

இத்தகைய இரு நிலங்களுக்கும் மானியக் கணக்கு ஒன்றே. ஒருங்கிணைந்த தோட்டக்கலை மேம்பாட்டு இயக்கத்தின் 2014-ஆம் ஆண்டு நெறிமுறைகள், காளான் உற்பத்தி அலகு ஒன்றுக்கு 20 இலட்சம் ரூபாயைச் செலவு வரம்பாக்கித் தனியாருக்கு அதில் 40 விழுக்காட்டை மானியமாக வகுத்தன. பணம் அலகைப் பார்த்தது. அலகு நிற்கும் காற்றைப் பார்க்கவில்லை.

செலவு கூடும் என்பது வழக்கமான மறுப்பு. விசிறியின் இயற்பியல் அதற்கு நேரெதிராகச் சாட்சி சொல்கிறது. வேகத்தைப் பாதியாக்கினால் காற்றின் அளவு பாதியாகும். மின்தேவையோ கோட்பாட்டளவில் எட்டில் ஒரு பங்காகும். 100 வாட் விசிறியைப் பாதி நேரம் ஓட்டிப் பாதி நேரம் நிறுத்தினால் சராசரி 50 வாட். பாதி வேகத்தில் இடைவிடாது ஓட்டினால் அதே காற்றுக்கு 12.5 வாட். மோட்டாரின் இழப்புகளால் நடைமுறையில் இச்சேமிப்பு குறையும், ஆனால் மறையாது. கண்ட ரெகுலேட்டரையும் மாட்டிவிடலாம் என்பதும் இதற்குப் பொருளன்று. பழைய சுருள் ரெகுலேட்டர் மின்சாரத்தை வெப்பமாக வீணாக்கும். மோட்டாருக்குப் பொருந்தாத மின்னணு ரெகுலேட்டர் அதனை இரைய வைத்துச் சூடேற்றும். மோட்டாருக்கேற்ற மின்தேக்கி ரெகுலேட்டரோ, வேகம் மாற்றத்தக்க பிஎல்டிசி விசிறியோதான் தகும்.

யாவற்றினும் முதன்மையானது மூச்சு. சிப்பிக் காளான் உதிர்க்கும் வித்துத்துகள்களை நெடுநாள் சுவாசிப்போருக்கு நுரையீரல் ஒவ்வாமை அழற்சி உண்டாகலாம். மருத்துவ நூல்கள் இதனைக் காளான் தொழிலாளர் நுரையீரல் நோய் என்றே குறிக்கின்றன. கேரளத்தில் குடும்பஸ்ரீ குழுப் பெண்கள் பலர் இத்தொழிலில் உள்ளனர். ஈரம் போய்விடும் என்று அஞ்சி விசிறியை அணைத்துவிட்டு அறுவடை செய்பவர், பயிரைக் காக்கத் தம் நுரையீரலை ஈடு வைக்கிறார். இந்தப் பேரத்தை அவர்மீது சுமத்துவது அந்த ஒற்றை வேக விசிறி.

ஆகவே இனி வகுக்கப்படும் திட்டங்களில் விசிறிக்கு வேகக் கட்டுப்பாடும், ஈரப்பத மானியும், கரியமில வாயு மானியும் மானியத்திற்குரிய கட்டாய உறுப்புகளாக வேண்டும். ஆள் உள்ளே இருக்கையில் விசிறி நிற்கலாகாது. அறுவடைக்குச் சற்று முன்னரே அதன் வேகம் உயர வேண்டும். முகக்கவசமும் உடன் வழங்கப்பட வேண்டும். பாலக்காட்டு வெயிலுக்கும் மூணாற்றுப் பனிக்கும் தனித்தனி வேக அட்டவணை தமிழிலும் மலையாளத்திலும் குடிலின் கதவிலேயே ஒட்டப்பட வேண்டும். இவை அனைத்தையும் கொடுத்த பின்னரே வளர்ப்போரின் கவனத்தைப் பற்றிப் பேச அதிகாரிகளுக்கு உரிமை பிறக்கும்.