காலை உடைத்தாலும் 10,000 ரூபாய்தானா?

குடித்துவிட்டு வண்டி ஓட்டி முதல்முறை பிடிபடுகிறவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. அவரே ஒருவர்மீது மோதி இடுப்பெலும்பை உடைத்துவிட்டால்? 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆவது பிரிவுப்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆக, வெறும் அபராதத்தோடு முடிந்தால் இரண்டும் ஒரே விலைதான். குடிபோதை பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்கூட இல்லை. கவனம் சிதறி மோதியவரும் போதையில் மோதியவரும் அதற்கு ஒன்றுதான்.

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரம் போகும் சாலையில் சுற்றுலா கார்களும் மீன் கூடைகளும் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள்களும் சேர்ந்தே போகின்றன. கிள்ளைப் பக்கத்து இருளர்கள் உப்பங்கழித் தண்ணீருக்குள் இறங்கி, கையால் தடவி இறால் பிடித்துப் பிழைப்பவர்கள். முழங்கால் மூட்டு நொறுங்கினால் அந்தத் தொழில் அன்றோடு சரி. விபத்து நஷ்டஈடு கிடைக்கலாம். அது இழந்த வருமானத்துக்கான கணக்கு, செய்த குற்றத்துக்கான தண்டனை ஆகாது.

மும்பை கார்ட்டர் சாலையில் 2006இல் குடிபோதையில் ஓட்டிய கார் நடைபாதையில் தூங்கியவர்கள்மீது ஏறி 7 பேர் இறந்தார்கள், 8 பேர் காயமடைந்தார்கள். விசாரணை நீதிமன்றம் அதை வெறும் அஜாக்கிரதை என்றது. மும்பை உயர் நீதிமன்றமோ, விளைவை அறிந்தே செய்த குற்றம் என்று 3 ஆண்டு சிறை விதித்தது. 2012இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. உயிர் போனால் பொருந்தும் இந்த நியாயம், கால் போனால் பொருந்தாதா? குடித்தவர் சாவியைத் திருப்பும்போது இரண்டுக்கும் சேர்த்தேதான் துணிகிறார். கனடாவில் போதையில் ஓட்டிக் காயம் விளைவிப்பது தனிக் குற்றம். 14 ஆண்டு வரை சிறை உண்டு.

தண்டனை கூடினால் ஓட்டுநர் நிற்காமல் ஓடிவிடுவார் என்பது வலுவான ஆட்சேபம்தான். நேரம் ஆக ஆக ரத்தத்தில் மதுவின் அளவு இறங்கும். ஓடினால் அவருக்குத்தான் லாபம். அதற்கு விடை, ஓடி ஒளிவதையும் ரத்தப் பரிசோதனைக்கு மறுப்பதையும் குடித்து ஓட்டியதற்குச் சமமாகத் தண்டிப்பது. டாஸ்மாக் நடத்தும் அரசுக்கு ஓட்டுநரைத் தண்டிக்க என்ன தகுதி என்றும் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அரசின் தவறு, அடிபட்டவரின் நியாயத்தைக் குறைத்துவிடாது. குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலமே திருத்தம் கொண்டுவரலாம். போதையில் ஓட்டிக் கொடுங்காயம் விளைவித்தால் அபராதத்தோடு தப்ப முடியாத, கட்டாயச் சிறையுள்ள தனிப் பிரிவைத் தமிழ்நாடு சட்டமன்றம் இயற்ற வேண்டும்.