யானையும் சைவம்தான்

வெள்ளிக்கிழமை எண்டால் நாங்கள் சைவம். காலையில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு கம்பசுக்கு வருவம். கன்ரீனில் மீன் பொரியல் மணம் மூக்கைத் துளைத்தாலும் அசையமாட்டம். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பொரிச்ச மிளகாய் என்று ஒரு பார்சல். ஒரு உயிரையும் கொல்லவில்லை என்ற திருப்தியோடு கை கழுவுவம்.

பார்சல் சுத்தின லஞ்ச் ஷீற்? அது குப்பைக்குள்ள. பொலித்தீன் லஞ்ச் ஷீற்றை 2017இலேயே தடைசெய்தார்கள். ஆனாலும் எங்கட சோறு இன்னும் அதுக்குள்ளதான் வருது.

அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டுக்கு யானைகள் சாப்பாடு தேடி வருகின்றன. சோற்று மணத்தோடு கிடக்கும் பொலித்தீனையும் சேர்த்து விழுங்குகின்றன. அங்கே 8 வருடங்களில் சுமார் 20 யானைகள் இப்படி இறந்ததாக 2022இல் செய்தி வந்தது.

யானை பிறந்ததிலிருந்து மச்சம் தொடாத சீவன். அதுக்கு வெள்ளி, செவ்வாய்க் கணக்கே இல்லை. அப்படிப்பட்ட சுத்த சைவத்தை எங்கட சைவப் பார்சல் கொல்லுமெண்டால், நாங்கள் பிடிச்சது என்ன விரதம்?

மச்சம் சாப்பிடும் நண்பர்களுக்குப் புத்தி சொல்லமுதல், நாங்கள் ஒரு சாப்பாட்டுப் பெட்டி கொண்டுபோவம். கழுவப் பஞ்சிதான், ஒத்துக்கொள்கிறோம். ஆனால் மீன் பொரியலையே விட்ட எங்களுக்கு லஞ்ச் ஷீற்றை விடுறது பெரிய வேலையா?