கட்டணம் ஆனியில், காசு மாசியில்



ராத்திரி எட்டு மணியானால் எங்கள் வீட்டில் தினமும் ஒரு தேர்தல் நடக்கும். அம்மாவும் அப்பத்தாவும் சீரியல் பக்கம், அப்பா செய்தி விவாதத்தின் பக்கம். பெரும்பாலும் சீரியல்தான் ஜெயிக்கும். 2024 ஏப்ரல் 19ல் பாராளுமன்றத் தேர்தல் நடந்ததே, அந்த ஒரு மாதம் மட்டும் அப்பா ஜெயித்தார். நான் அப்போது கல்லூரியில் முதல் வருஷம். எனக்கு முதல் ஓட்டும் அதுதான். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நானும் உட்கார்ந்து விடுவேன்.

ஒரு நாள் தலைப்பு, 'இலவசங்கள் மக்களைச் சோம்பேறி ஆக்குகின்றனவா?' நாங்கள் அதைப் பார்த்ததே 2006 தேர்தலில் சொல்லிக் கொடுத்த இலவச கலர் டி.வி.யில்! அந்த வாக்குறுதியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய், தேர்தல் அறிக்கையில் இப்படிச் சொல்வது ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013ல் தீர்ப்பு வந்தது. டி.வி. இன்னும் ஓடுகிறது. மேல் ஓரம் மட்டும் கொஞ்சம் பச்சையடிக்கும்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "சோம்பேறியா? விடியக்காலம் கருவேல முள்ளு வெட்டப் போற ஆளுகள இவுக பார்த்ததில்ல போல" என்றாள்.

நான் ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள். 2022 செப்டம்பரில் ஆரம்பித்த புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் எனக்கு வந்தது. நோட்டு, ஜெராக்ஸ், டவுன் பஸ்ஸை விட்டுவிட்டால் ரூட் பஸ் டிக்கெட் எல்லாம் அதில்தான். வெட்கப்படாமல் சொல்கிறேன், அந்தக் காசு இல்லையென்றால் பாதி நாள் வீட்டில்தான் இருந்திருப்பேன். என் மாமா மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தாள். ஒரே தெரு, ஒரே வறுமை. அவளுக்கு 2024 டிசம்பர் கடைசியில் திட்டத்தை விரிவாக்கிய பிறகுதான் கிடைத்தது.

ஆனால் விவாதத்தில் யாருமே கேட்காத ஒரு கேள்வி என் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. பணம் எந்த மாதம் வேண்டும்?

எங்கள் ஊர் திருச்சுழிக்குப் பக்கம், கரிசல் காடு, முழுக்க மானாவாரி. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி மக்காச்சோளம், உளுந்து, மல்லி, மிளகாய் போடுவோம். கையில் காசு பார்ப்பது தை, மாசியில். கல்லூரிக் கட்டணம் கேட்பதோ ஆனியில். அந்த மாதம் எங்கள் வீட்டில் புளியும் வத்தலும்தான் இருக்கும். அடுத்து பரீட்சைக் கட்டணம் வரும். அது சரியாக விதைக்கும், உரத்துக்கும் அப்பா கடன் சொல்லிக்கொண்டிருக்கும் நேரம். திருச்சுழிக்கே அரசு கலைக் கல்லூரி வந்தது (2021-22 பட்ஜெட்டில் அறிவித்த பத்துக் கல்லூரிகளில் ஒன்று) பெரிய காரியம்தான். எத்தனையோ பெண்கள் அதனால் படிக்கிறார்கள். எனக்கு அமைந்தது அருப்புக்கோட்டையில் வேறு கல்லூரி. இரண்டாம் வருஷக் கட்டணத்துக்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. காது தூர்ந்துவிடக் கூடாது என்று வேப்பங்குச்சியைச் சொருகிக்கொண்டு எட்டு மாதம் இருந்தாள். மாசியில் மிளகாய் விற்றுத் திருப்பினோம், வட்டியோடு.

என்னோடு படித்த ஒருத்திக்கு அடகு வைக்கத் தோடு இல்லை. இப்போது நூல் மில் வேனில் போகிறாள். எங்கள் பஸ்ஸை அந்த வேன் தாண்டும்போது கை காட்டுவாள். முதலில் நானும் காட்டினேன். இப்போதெல்லாம் புத்தகத்தைப் பார்ப்பதுபோல் குனிந்து கொள்கிறேன்.

கல்விக்கடன் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் பெரியம்மா மகள் கடன் வாங்கி என்ஜினீயரிங் முடித்தவள். படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டியதில்லை, சரி. ஆனால் அப்போதும் வட்டி ஏறும் என்று யாரும் அவளுக்கு விளக்கவில்லை. குடும்ப வருமானம் வருஷத்துக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால் தொழிற்படிப்புக்கு மத்திய அரசு வட்டி மானியம் 2009லேயே வந்திருந்தது. அதற்கு வருமானச் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்பதும் தெரியவில்லை. 2021 தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளின் அறிக்கையிலும் கல்விக்கடன் தள்ளுபடி என்று இருந்தது. "எப்படியும் தள்ளுபடி ஆகப்போகுது" என்று பெரியப்பா கட்டுவதை நிறுத்திவிட்டார். 2024ல் காங்கிரஸ் அறிக்கையில், அந்த வருஷம் மார்ச் 15 வரை உள்ள பாக்கி ரத்து என்று படித்ததும் மறுபடி காத்திருந்தார். அக்கா கணக்கில் ஒரு ரூபாய்கூடக் கழியவில்லை. இரண்டரை லட்சம் நாலு லட்சத்தைத் தாண்டி, நோட்டீஸ் வந்தது. அவளுக்கு வந்த நல்ல வரன் ஒன்று இதனாலேயே தட்டிப்போனது.

ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் நான் கேட்டேன், "கட்டணத்தைத் தை மாசத்துல கட்டுற மாதிரி செய்வீகளா? இல்லைன்னா அந்த ஆயிரத்தை ஆனியில் மொத்தமாத் தருவீகளா?" ஒருவர் சிரித்தார். ஒருவர், "படிச்ச புள்ள, நல்லாப் பேசுது" என்று நோட்டீஸைக் கையில் கொடுத்தார். "ஜெயிச்சதும் பேசுவோம் தாயி" என்று அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். இதே மாவட்டத்து விருதுநகரில்தான் 1967ல் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர் காமராஜரையே 1,285 ஓட்டில் தோற்கடித்தார். அது சரியா தப்பா என்று எங்கள் திண்ணையில் இன்னும் சண்டை ஓயவில்லை. மாணவர் பேச்சு அன்று அவ்வளவு தூரம் எடுபட்டது. எனக்கு ஒரு நோட்டீஸ்தான் கிடைத்தது.

வீட்டில் கல்லூரிப் பிள்ளை வைத்திருக்கும் சகோதரிகளே, யார் ஓட்டுக் கேட்டு வந்தாலும் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்பதோடு எந்த மாதம் தருவீர்கள் என்றும் கேளுங்கள். கல்லூரியிலும் தயங்காமல் தவணை கேளுங்கள். மூன்றாம் வருஷம் அம்மா நேரில் போய்க் கேட்டாள். இரண்டு தவணைக்கு ஒப்புக்கொண்டார்கள். அந்த ஆனியில் தோடு அம்மா காதிலேயே இருந்தது.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சுழி வட்டம்.