நள்ளிரவில் அலறும் கார்கள்: தேட வேண்டியது திருடனை அல்ல, பேட்டரியை!

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பவர்களுக்கு இந்தச் சத்தத்தை விளக்கத் தேவையில்லை. ராத்திரி இரண்டரை மணிக்கு பார்க்கிங்கில் நிற்கும் ஏதோ ஒரு கார் தானாக அலறத் தொடங்கும். நாலு இண்டிகேட்டரும் மின்னும். கொஞ்ச நேரத்தில் ஓயும். கண் அசரும் நேரம் பார்த்து மறுபடி ஆரம்பிக்கும். வாட்ச்மேன் டார்ச்சோடு ஓடுவார். ஓனர் ஊருக்குப் போயிருப்பார், போன் ஸ்விட்ச் ஆஃப். கைக்குழந்தை உள்ள வீடுகளில் விளக்கு எரியும். ஆனால், திருடனோ என்று ஒருவரும் பதறுவதில்லை. அலாரத்தின் மேல் அந்த அளவுக்கு நம்பிக்கை போய்விட்டது.

எங்கள் குடியிருப்பில் மழைக்காலம் முழுக்க இதே கூத்துதான். அசோசியேஷன் கூட்டத்தில் பூனையைக் குற்றம் சொன்னார்கள், எலியைச் சொன்னார்கள், பக்கத்து மனையில் பைல் அடிப்பதைச் சொன்னார்கள். கடைசியில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து பானட்டைத் தூக்கினார். பாசிட்டிவ் டெர்மினலைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. மல்டிமீட்டரை வைத்தார்: 11.8. செல்ஃப் அடிக்கச் சொன்னார். எண் சடாரென்று ஒன்பதுக்குக் கீழே விழுந்தது. "அலாரத்துல ஒண்ணும் இல்ல சார். பேட்டரி போச்சு, அதான் கத்துது" என்றார்.

கணக்கு எளிதுதான். கார் பேட்டரிக்குள் ஆறு செல்கள். முழு சார்ஜில், இன்ஜின் ஓடாமல் சில மணி நேரம் நின்ற வண்டியில் சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். 12-க்குக் கீழே போனால் அநேகமாகக் காலி. வோல்டேஜ் இப்படி இறங்கும்போது அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டி தடுமாறுகிறது. சில பழைய அலாரங்கள் வோல்டேஜ் திடீரென்று குறைந்தாலே, யாரோ கதவைத் திறந்து உள்விளக்கு எரிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். தனி பேட்டரி வைத்த சைரன் என்றால் இன்னும் மோசம். வண்டியிலிருந்து வரும் மின்சாரம் குறைந்ததும், திருடன் வயரை வெட்டிவிட்டான் என்று முடிவுகட்டி, தன் சொந்த சார்ஜில் கத்தத் தொடங்கும்.

நிறுத்திய வண்டியிலும் கடிகாரம், லாக், அலாரம் என்று கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது மெக்கானிக்குகளின் கணக்கு. அதுவே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர். சிறிய காரின் பேட்டரி 35 ஆம்பியர்-அவர். இரண்டு வாரம் ஊருக்குப் போனால் ஏறக்குறைய பாதி தீர்ந்துவிடும். அதற்கு மேல் டேஷ்கேம், ஜி.பி.எஸ். டிராக்கர் என்று கண்ட இடத்தில் வயரைச் சொருகினால் கேட்கவே வேண்டாம். சென்னை வெயில் வேறு பேட்டரியின் ஆயுளைத் தின்கிறது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் பழைய வாய்ப்பாடு.

சரி, சர்வீஸ் சென்டரில் இதைக் கண்டுபிடிக்க மாட்டார்களா? இங்கேதான் எனக்குக் கோபம். ஓட்டிக்கொண்டு போய் விட்ட வண்டியில் ஆல்டர்நேட்டர் அப்போதுதான் சார்ஜ் ஏற்றியிருக்கும். கெட்டுப்போன பேட்டரியும் சற்று நேரம் 12.7 காட்டும். அதைப் பார்த்து ஜாப் கார்டில் 'பேட்டரி ஓகே' என்று ஒரு டிக். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, கொஞ்சம் பொறுத்து அளந்தாலே வண்டவாளம் தெரிந்துவிடும். லோடு டெஸ்ட் செய்தால் சந்தேகமே இருக்காது. இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பேட்டரி நன்றாக இருந்தும் அலாரம் அடித்தால், அடுத்து பானட் ஸ்விட்ச், கதவு ஸ்விட்ச். மழை ஈரத்தில் அவை துருப்பிடிப்பது சகஜம். முழு வண்டியையும் கழுவிக் கொடுக்க நேரம் இருப்பவர்களுக்கு இந்தப் பத்து நிமிடம் இல்லையா?

சட்டம் இல்லாமல் இல்லை. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல்தான் வரம்பு. வரம்பை 10 டெசிபல் மீறினால் புகார் தரலாம். ஆனால், ஓனர் யாரென்றே தெரியாமல் யார் மேல் புகார் தருவது? நியூயார்க் நகரச் சட்டத்தில் கார் அலாரம் மூன்று நிமிடத்துக்குள் தானாக நின்றாக வேண்டும். பிரிட்டனில், தெருவில் நிற்கும் வண்டியின் சத்தத்தைத் தொல்லையாக அறிவித்து உள்ளாட்சி அமைப்பே நடவடிக்கை எடுக்க 1993-ல் வழி செய்தார்கள். நம் ஊரில் வாட்ச்மேனிடம் இருப்பது டார்ச் மட்டும்தான்.

போக்குவரத்துத் துறை செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. கடைகளில் பொருத்தப்படும் அலாரங்கள் குறிப்பிட்ட நேரத்தில் தானாக நின்று, சும்மா சும்மா மறுபடி அடிக்காதபடி இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கலாம். கார் உபகரணங்கள் விற்கும் ஜி.பி. ரோடு கடைகளில் இதைச் சோதிப்பது கடினமல்ல. ஒவ்வொரு சர்வீஸிலும் பேட்டரி வோல்டேஜையும் லோடு டெஸ்ட் முடிவையும் எண்ணாக எழுதித் தரச் சொல்லலாம். போலீஸ் தரப்பில், இரவில் வண்டி எண்ணைச் சொன்னால் பதிவேட்டைப் பார்த்து ஓனரை அழைக்கும் ஏற்பாடு வேண்டும். ஓனரின் எண் நமக்குத் தெரிய வேண்டியதுகூட இல்லை.

அதுவரை அசோசியேஷன்கள் ஒரு வேலை செய்யலாம். ஊருக்குப் போகிறவர்கள் ரிமோட்டையோ மாற்றுச் சாவியையோ நம்பிக்கையான ஒருவரிடம் விட்டுப் போக வேண்டும் என்று விதி போடுங்கள். மூன்று வருடம் தாண்டிய பேட்டரி என்றால், டிக்கெட் எடுக்கும் அன்றே மெக்கானிக்கை வரச்சொல்லி ஒரு தடவை அளந்துவிடச் சொல்லுங்கள்.